பின்கட்டு மஞ்சள்

களியக்காவிளையில் எங்கள் பஸ் எல்லாரையும் இறக்கிவிட்டு வந்த வழியே திரும்பிக்கொண்டது. கேரள எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டி நடந்தேன். யாரும் என்னை நிறுத்தவில்லை, எதையும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் நடப்பதற்குள் கடைப் பலகைகளில் எழுத்தெல்லாம் உருண்டு திரண்டு வேறாகிவிட்டது. படித்தவள் என்ற நினைப்பு அந்த இடத்தில் என்னை விட்டுப் போயிற்று.

பாறசாலைக்கு எந்த பஸ் என்று கேட்டு ஏறினேன். நடத்துனர் மலையாளத்தில் ஏதோ சொல்ல, நான் தலையாட்டினேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காலடியில் காலி மீன் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் தோளைத் தட்டினாள்.

"எங்க எறங்கணும் மக்கா?"

"பாறசாலைங்க."

"பாறசாலை அப்பவே போச்சே! இது நெய்யாற்றின்கரை வண்டியாக்கும். நான் காஞ்சிரங்குளத்துக்கு மாறணும், நீ இறங்கி திரும்பிப் போ. ஒண்ணும் பேடிக்காண்டாம், பயப்படாத."

நெய்யாற்றின்கரையில் இறங்கிய பிறகுதான் பசி தெரிந்தது. ஒரு ஓட்டலில் சோறு கேட்டேன். கொழுக்கட்டை போலப் பருத்த சிவப்பரிசி, தேங்காயெண்ணெய் மிதக்கும் மீன் கறி, அவர்கள் கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கு. பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வைத்தார்கள். நான் டம்ளரைத் தள்ளி வைத்தேன். எங்கள் ஊரில் சிவப்புத் தண்ணீரைக் கண்டால் மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடைக்காரர் சிரித்தார். "அது பதிமுகம். மரச்சிராய் போட்டுக் காச்சினதாக்கும். ரத்தத்துக்கு நல்லது, குடி." எதிரில் இருந்தவர்கள் அதை மடக்மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் குடிக்காமலே எழுந்தேன்.

நான் பவானிக்காரி. அப்பா ஒரு சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயம் போடுகிறவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதே வேலை, வேறு வேறு முதலாளிகள். அவர் உள்ளங்கையில் தோல் வெடித்து வெடித்துக் கருவேல மரப்பட்டை போல ஆகியிருந்தது. சாப்பாட்டில் உப்புக் கூடினால் கை எரியும் என்பதால் அம்மா ரசத்துக்கு உப்பைக் குறைத்தே போடுவாள். நாங்கள் எல்லாரும் அந்த உப்பில்லாத ரசத்தில் வளர்ந்தவர்கள்தான். தெருக் கிணற்றில் என்ன நிறம் வருகிறதோ, அன்று பட்டறையில் அந்தச் சாயம் என்று அம்மா சொல்லிவிடுவாள். குடிக்கிற தண்ணீருக்கு அவள் பெரிய ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும்.

சென்னையில் ஓவியக் கல்லூரியில் துணி வடிவமைப்புப் பிரிவில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு வியாபாரிகள் "இது என்ன சாயம்?" என்று கேட்கத் தொடங்கியிருந்த காலம் அது. மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காத துணி என்று ஒரு புதுப் பாடம் எங்களுக்கு வந்திருந்தது. கடைசி ஆண்டில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு சாயச்சாலையில் தங்கிக் கற்று, சொந்தமாக ஒரு துணி செய்து காட்ட வேண்டும். ஒரு கண்காட்சியில் நான் பார்த்த மஞ்சள் புடவை ஒன்றில் இலைப் படம் போட்ட சீட்டு தொங்கியது. மூலிகைச் சாயம், பாறசாலை பக்கம் ஆரியங்கோடு என்று போட்டிருந்தது. கையில் பிடித்ததும் முடிவு செய்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன்.

"வேரையும் பட்டையையும் கொதிக்க வெக்கறதுன்னா அது சமையல் மாதிரிதானே கண்ணு. நீ கத்துட்டு வா. நம்ம வாசல்லயே ஒரு அண்டா வெச்சுக்கலாம்" என்றார்.

அந்த அண்டாவுக்காகத்தான் நான் எல்லை தாண்டியது. பட்டம் இரண்டாம் பட்சம்.

சாயச்சாலை ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சரிவில் இருந்தது. நான் முன்பே கடிதம் போட்டிருந்த முதலாளியின் பெயர் சுப்பிரமணிய பிள்ளை. ஐம்பதுக்குள் இருக்கும், நெற்றியில் திருநீறு. சர்க்கார் குமாஸ்தாக்களின் குடும்பம், இவர் மட்டும் வேதியியல் படித்துவிட்டு இதில் இறங்கினாராம். "கண்டுபிடிச்சு வந்துட்டியே, கொள்ளாம்" என்று மெச்சி வரவேற்றார்.

முன்கட்டில் வரிசையாக அடுப்புகள். மேலே செம்பு அண்டாக்கள். ஒன்றில் மஞ்சள் கிழங்கு, ஒன்றில் மஞ்சிட்டி வேர், ஒன்றில் கடுக்காய். நாட்டு மருந்துக் கடையைக் கொதிக்க வைத்தது போல மணம். பெண்கள் நீண்ட கம்புகளில் கற்றையாகச் சுற்றிய நூல் சிட்டங்களைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் இருமவில்லை. அதை நான் கவனித்தேன். அப்பாவின் பட்டறையில் பேச்சைவிட இருமல்தான் அதிகம் கேட்கும். அண்டாவில் இருந்து வடிந்த தண்ணீர் ஒரு வாய்க்காலில் ஓடி வாழைகளுக்குப் போயிற்று. வாழைகள் நன்றாகக் குலை தள்ளியிருந்தன. அங்கே நின்று நான் கொஞ்சம் அழுதேன். புகை என்று நினைத்திருப்பார்கள்.

வேலை செய்த பெண்களில் ஒருத்தியான வசந்தா அக்காவின் வீட்டில் தங்க ஏற்பாடு. சாயச்சாலைக்குக் கீழே, சரிவின் அடியில் வீடு. கணவர் செல்வராஜ் விடியுமுன் ரப்பர் வெட்டப் போய்விடுவார். குழந்தைகள் இல்லை.

"இதாக்கும் உனக்க முறி. பாய் போதுமா, கட்டில் வேணுமா?" என்றாள்.

"பாய் போதுங்க அக்கா."

"போதுங்க!" என்று என்னைப் போலவே இழுத்துச் சொல்லிச் சிரித்தாள். "உங்க ஊருல நாயையும் வாங்க போங்கன்னுதான் சொல்லுவியளா?"

வாசலில் கிணறு இருந்தது, மேலே தகரம் போட்டுக் கல் வைத்திருந்தது. அக்கா மேட்டு வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"ஒரு பாம்பு விழுந்து செத்துக் கெடக்கு. எறைச்சாத்தான் குடிக்க ஒக்கும்."

மறுநாள் காலை புட்டும் பயறும் பப்படமும். மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து உள்ளே தள்ள வேண்டும் என்று செல்வராஜ் அண்ணன் செய்து காட்டினார். எங்கள் ஊரில் பப்படத்தை நொறுக்கினால் அம்மா திட்டுவாள். இங்கே நொறுக்காவிட்டால் திட்டுகிறார்கள். அன்று நான் பலா மரச் சிராயை எடுத்துக்கொண்டேன். பக்கத்து மர அறுவை மில்லில் அள்ளிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். யாருக்கும் வேண்டாத குப்பையில் இருந்து மஞ்சள் எடுப்பது என்பதுதான் என் திட்டம். கொதிக்க வைத்து, சாயம் பிடிப்பதற்காகப் படிகாரத்தில் ஊறவைத்த நூலைப் போட்டேன். முதல் சிட்டம் கடுகு நிறத்தில் வந்தது. அழகாக இருந்தது. அதே அளவு, அதே நேரம் வைத்து இரண்டாவதைப் போட்டேன், வெளுத்துப் போயிற்று. மூன்றாவது பாசி படிந்தது போலப் பச்சை தட்டியது. தண்ணீரில் இரும்பு இருந்திருக்க வேண்டும்.

பிள்ளையின் அலமாரியில் அடுக்கியிருந்த நூலோ ஒரே மஞ்சள். எந்தச் சிட்டத்தை உருவினாலும், எந்த வெளிச்சத்தில் பிடித்தாலும், கொன்றைப் பூவைப் போல.

"எப்படிங்க சார் இது ஒண்ணுபோல வருது?"

"கைப்பழக்கம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை வேறு வேலையைப் பார்க்கப் போனார். வசந்தா அக்கா அண்டாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு கொட்டகை உண்டு, பின்கட்டு என்பார்கள். விறகு அடுக்கியிருக்கிறது, தேள் உண்டு, போகாதே என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். எனக்கும் போகத் தோன்றவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அதே கதைதான். கடலோரத்துக் கோட்டுகாலில் இருந்து அக்காவின் தங்கை ஒரு கட்டு கருவாடு கொண்டுவந்தாள். மூன்று பெண்களும் உட்கார்ந்து கப்பையும் கருவாடும் தின்றோம். என் சிட்டங்களைக் கொடியில் பார்த்த தங்கை, "இது என்ன, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளை போல இருக்கு?" என்றாள். சிரித்தேன். ஆனாலும் நம்பிக்கை போகவில்லை. பிள்ளைக்கு வந்த கை எனக்கும் வரும். எனக்கு வராவிட்டாலும் அப்பாவுக்கு வரும்.

பாறசாலைக்குப் போய் எஸ்.டி.டி. பூத்தில் இருந்து வீட்டுப் பக்கத்து மளிகைக் கடைக்குப் பேசினேன். கடைக்காரர் அப்பாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"அப்பா, இங்க சாயத் தண்ணியில வாழை வளருதுப்பா. நீங்க வந்து பாருங்க."

"வாழையா? நெசமாவா?"

"குலை தள்ளியிருக்குதுப்பா."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. வாழையைப் பற்றியே இன்னும் இரண்டு தடவை கேட்டார்.

சாயாக் கடையில் நாளைக்கு பந்த் என்று பேசிக்கொண்டார்கள். எதற்கு என்று கேட்டேன். ஒருவர் மலையாளத்தில் சொன்னதன் அர்த்தம் இது: "அது நாளைக்குப் பேப்பரில் வரும், படித்துத் தெரிந்துகொள்ளலாம்." எங்கள் ஊரில் பந்த் என்றால் பாதிக் கதவு திறந்திருக்கும். இங்கே மறுநாள் சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

சாயச்சாலைக்கும் விடுமுறை. ஆனால் வசந்தா அக்கா காலையிலேயே கிளம்பினாள். "முதலாளி வீட்டுல கொஞ்சம் சோலி உண்டு, இப்ப வாறேன்" என்று போனாள். மறுநாள் வெளிநாட்டில் இருந்து துணி வாங்குகிறவர்கள் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டைப் பெருக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முற்பகலில் மழை பிடித்தது. என் சிட்டங்கள் மேலே கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறி ஓடினேன். பாதி வழியில் ஒரு நாற்றம் என்னை நிறுத்தியது.

அழுகிய முட்டையும் எரிந்த தீக்குச்சியும் கலந்த நாற்றம். ஹைட்ரோஸ், பட்டறையில் ரசாயனச் சாயத்தைக் கரைக்கப் போடும் தூள். பிறந்ததில் இருந்து அப்பாவின் சட்டையில், தலையணையில், எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த நாற்றம். அதற்கு ரப்பர் காட்டில் என்ன வேலை? ஊரில் இருந்து என் துணியோடு வந்திருக்கிறது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். முந்தானையை முகர்ந்து பார்த்தேன். இல்லை.

கொடியை விட்டுவிட்டுப் பின்கட்டுக்குச் சுற்றிப் போனேன். விறகும் இல்லை, தேளும் இல்லை. சிமெண்ட் தொட்டி. சுவரோரம் நீல டிரம்கள். லுங்கியை மடித்துக் கட்டிய பிள்ளை கம்பின் ஒரு முனையையும், வசந்தா அக்கா மறுமுனையையும் பிடித்திருந்தார்கள். தொட்டிக்குள் நூல் நீலமாகக் கிடந்தது. அவர்கள் தூக்கினார்கள். காற்றுப் பட்டதும் நீலம் மெல்லக் கலைந்து, ஓரத்தில் இருந்து மஞ்சள் ஏறிவந்தது. கொன்றைப் பூ மஞ்சள். இதைச் சின்ன வயதில் அப்பாவின் பட்டறை வாசலில் நின்று மாயவித்தை போலப் பார்த்திருக்கிறேன்.

அக்கா என்னைப் பார்த்துவிட்டு முனையை விட்டுவிட்டாள். நூல் திரும்பத் தொட்டிக்குள் விழுந்தது.

"மழை நனையாதே. உள்ள வா" என்றார் பிள்ளை.

நான் வாசலிலேயே நின்றேன். "அப்ப முன்னால இருக்கிற அண்டாவெல்லாம் எதுக்குங்க?"

"காட்டுகதுக்கு." அவர் குரலில் கோபம் இல்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "ஆரம்பத்துல எல்லாம் அதுலதான் போட்டேன், கேட்டியா. கப்பல் ஏறிப் போன துணி திரும்பி வந்தது. ஒரு துணியில உள்ள மஞ்சள் மத்ததுல இல்லையாம், வெயில்ல வெளுக்குதாம். வேருக்கு ஒவ்வொரு மழைக்கும் ஒரு நெறம் உண்டுன்னு பதில் போட்டேன். அவனுக்கு வேரும் வேணும், ஒரே நெறமும் வேணும். எங்கேருந்து குடுப்பேன்?"

"அந்த இலைப் படம் போடாம வித்திருக்கலாமில்லீங்க?"

"இலை இல்லாத மஞ்சள் உங்க ஈரோட்டுல கெடைக்குமே. இந்தக் காட்டுக்குள்ள எவன் வருவான்? இவளுக எல்லாம் எங்க போவாளுக?"

"இந்தத் தண்ணி எங்கீங்க போகுது?"

அவர் கம்பால் நூலைத் தொட்டிக்குள் அமுக்கினார். அக்காதான் கையை நீட்டினாள். சரிவின் கீழே, தன் வீட்டுப் பக்கம்.

அன்று மாலை அவள் கிணற்றின் தகரத்தை விலக்கிக் காட்டினாள். பாம்பு இல்லை. தண்ணீரின் மேலே எண்ணெய் போல ஒரு படலம், அதில் வானம் மஞ்சளாகத் தெரிந்தது.

"இதைப் பாத்துட்டு எப்படிக்கா அங்க வேலைக்குப் போறீங்க?"

"போவாம? இவருக்கு மழைக் காலத்துல ரப்பர் வெட்டு இல்ல. எனக்க தங்கச்சி கல்யாணம் இந்த மஞ்சள்லதான் நடந்தது. குடிக்க மேட்டு வீட்டுல தருதாவ. தருகது வரைக்கும் குடிக்கலாம்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீ நாளைக்கு வாறவங்கக்கிட்ட சொல்லிப்போடுவியா மக்கா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையில் எனக்கு அப்போது அந்த வெளிநாட்டுக்காரர்களின் நினைப்பே இல்லை. அப்பாவிடம் வராதீர்கள் என்று சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது. மழையில் பாறசாலை வரை நடந்தே போனேன். பூத் கதவில் பூட்டு. பக்கத்தில் இருந்த பூத்திலும் பூட்டு. பந்த்.

விடிந்ததும் மறுபடி போனேன். மளிகைக் கடைக்காரர்தான் எடுத்தார்.

"அப்பாவா? நேத்து சாயங்காலமே கெளம்பிட்டாரே கண்ணு! பட்டறையில வேலை வேண்டாம்னு சொல்லிட்டு, தெருவுக்கே முட்டாயி குடுத்துட்டுப் போனாரு. உங்கொப்பன் சிரிச்சு நான் நேத்துத்தான் பாத்தேன்."

போனை வைத்தேன். அடுத்த ஆள் கண்ணாடியைத் தட்டினார்.

பாறசாலை பஸ் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அப்பா நடுப்பகலுக்கு முன்னால் வந்து இறங்கினார். கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. "இங்க காத்து என்ன ஈரமா இருக்குது!" என்பதுதான் முதல் பேச்சு. சாயாக் கடையில் ஏத்தம்பழ பஜ்ஜி தின்னக் கொடுத்தேன். இவ்வளவு பெரிய வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரிக்கிறார்களா என்று ஆச்சரியப்பட்டார். இதுவும் அந்தச் சாயத் தண்ணீரில் விளைந்த வாழைதானா என்று கேட்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, டிரம், ஹைட்ரோஸ், கிணறு. அவர் பஜ்ஜியைக் கீழே வைத்தார். கையில் ஒட்டிய எண்ணெயைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டார்.

"என்ன மஞ்சள்?" என்றார்.

"கொன்றைப் பூப்பா. தொட்டியில நீலமா இருக்கும்ல, அது."

"ஓ. அதுவா." எழுந்தார். "சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு. எடத்தைப் பாத்துட்டுப் போலாம்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளிநாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள், கணவனும் மனைவியும். முன்கட்டில் எல்லா அடுப்பும் எரிந்தது. பெண்கள் எல்லாரும் வெள்ளை முண்டும் ஜாக்கெட்டும் அணிந்திருந்தார்கள். வசந்தா அக்கா முழங்கை வரை மஞ்சள் பூசியிருந்தாள். அதற்குள்ளே இருந்த வெடிப்புகள் எனக்கு மட்டும் தெரிந்தன. அந்த வெளிநாட்டு அம்மாள் அண்டாவின் மேல் குனிந்து, கண்ணை மூடி, ஆவியை ஆழமாக இழுத்தாள். பிறகு கணவனிடம் ஏதோ சொன்னாள். இங்கே வந்தது கோயிலுக்கு வந்தது போல இருக்கிறது என்றாள். நான் ஆங்கிலம் படித்தவள், எனக்குப் புரிந்தது. வேலை செய்த பெண்களுக்குப் புரியாமல் இருந்தது நல்லது.

பிள்ளை என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். அந்த அம்மாள் என்னிடமே வந்து, நீ மாணவியா, இங்கே என்ன கற்றாய் என்று கேட்டாள்.

என் சிட்டங்களைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினேன். கடுகு நிறம், வெளுப்பு, பாசி. "மரமும் வேரும் கொடுப்பது இதைத்தான். இதை வாங்கிக்கொள்வீர்களா?" என்றேன். அவள் ஒவ்வொன்றையும் பொறுமையாகத் தொட்டுப் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்றாள், மிகவும் உண்மையாக இருக்கிறது என்றாள். ஆனால் கடைக்கு ஆகாது என்று சொல்லி, அலமாரியில் இருந்த மஞ்சளைக் காட்டினாள். நீயும் இவரிடம் இன்னும் கொஞ்ச நாள் இருந்து கற்றுக்கொள் என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

கார் போன பிறகுதான் அப்பாவைத் தேடினேன். முன்கட்டில் இல்லை. பின்கட்டில் தொட்டிக்குப் பக்கத்தில் பிள்ளையும் அவரும் நின்றிருந்தார்கள். அப்பா விரல் நுனியைத் தொட்டியில் விட்டு, முகர்ந்து, "சூடு பத்தலீங்க. அதான் நூல் மொரமொரன்னு இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளிக்கு முன்னால் பேசும்போது வரும் அதே குரல். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது.

"உனக்க அப்பாவுக்குத் தெரியாத சாயம் இல்ல" என்றார் பிள்ளை என்னிடம். "எனக்கு இதுல ஒரு ஆள் வேணும். வசந்தாவுக்குக் கை முடியல்ல."

அப்பாவை வாழைகளுக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"வேண்டாம்ப்பா. ஊருக்குப் போலாம். இதுக்கா வந்தீங்க?"

"ஊருல என்ன இருக்குது? வேண்டாம்னு சொல்லிட்டு வந்தவனை எந்தப் பட்டறையில திரும்பச் சேப்பாங்க? முட்டாயி வேற குடுத்துட்டு வந்துட்டேன்." சிரிக்கப் பார்த்தார். "இங்க பரவாயில்ல கண்ணு. மேல ஓடு இருக்குது, நாலு பக்கமும் மரம் இருக்குது. அங்க தகரத்துக்குள்ள வெந்ததுக்கு இது எவ்வளவோ மேல். நீ பரீட்சை முடி."

"அந்தத் தண்ணி அக்கா வீட்டுக் கிணத்துக்குப் போகுதுப்பா."

"தெரியுது." அவர் சரிவைப் பார்த்தார். "நம்ம கிணத்துக்குப் போனது யாரு போட்ட சாயம்னு நெனைக்கற?"

நான் சரிவில் இறங்கிப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். 

மறுநாள் காலை நான் கிளம்பினேன். வசந்தா அக்கா இலையில் கட்டிய கப்பையும் மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் கொடுத்தாள். "அப்பாவுக்கு இங்கதான் சாப்பாடு. நான் பாத்துக்கிடுவேன், நீ வெசனப்படாத" என்றாள். அப்பாவுக்கு ரசத்தில் உப்பைக் குறைத்துப் போடும்படி சொன்னேன். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். மேலே பின்கட்டில் இருந்து புகை வந்தது. அப்பா விடியலிலேயே போய்விட்டிருந்தார், முதல் நாள் வேலைக்குத் தாமதமாகக் கூடாதாம்.

கல்லூரியில் என் துணியை விரித்தேன். மூன்று நிறச் சிட்டங்களையும் கலந்து நெய்தது. பார்க்க வந்த தேர்வாளர்களில் ஒருவர், துணி நன்றாக இருக்கிறது, ஆனால் நிறத்தில் ஒழுங்கு இல்லையே என்றார். இன்னொருவர், கண்காட்சியில் பார்த்த அந்த மஞ்சளை ஏன் கொண்டுவர முடியவில்லை என்று கேட்டார். அது மூலிகை இல்லை என்று சொன்னேன். எந்த இடம், யார் என்று கேட்டார்கள். பெயர் சொல்லவில்லை. ஆதாரமில்லாமல் பிறரைக் குறை சொல்லக் கூடாது என்று அறிவுரை சொல்லித் தேற வைத்தார்கள்.

அப்பா அங்கே இரண்டு மழைக் காலம் இருந்தார். மூன்றாவது தொடங்கும்போது விரல்களை மடக்க முடியாமல் வீடு திரும்பினார். நான்தான் கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இளைய டாக்டர், பொறுமையானவர். அப்பாவின் இரண்டு கைகளையும் மேசைமேல் மல்லாத்தி வைத்து, விளக்கைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வேலை பார்த்தீங்க ஐயா?"

அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

"மூலிகைச் சாயம் போடறதுங்க" என்றார்.

டாக்டர் தலையசைத்துவிட்டு அதையே எழுதிக்கொண்டார்.